காப்பகப் பூச்சையும் வீட்டு மீன்சட்டியும்: குமரி மாவட்டத்து வீடுகளுக்கான கேள்வி பதில்

நாகர்கோவிலோ தக்கலையோ குளச்சலோ, காப்பகத்திலிருந்து ஒரு பூனையை (இங்கே பூச்சை) வீட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்களின் கேள்விகள் கடைசியில் அடுக்களையில்தான் வந்து நிற்கின்றன. தேங்காயும் உள்ளியும் (வெங்காயம்) மீனும் இல்லாமல் இந்தப் பக்கத்தில் ஒரு நாள் சமையல் நடக்காது. இந்த மூன்றில் மீன் மட்டுமே பூனைக்கு ஆகும். அதற்காக வீட்டுச் சமையல் எதையும் விட வேண்டாம். பூனையின் பங்கை எந்த நேரத்தில் எடுத்து வைக்கிறோம் என்பதுதான் முக்கியம்: உப்பும் உள்ளியும் விழும் முன்பே அது தனியாக வந்துவிட வேண்டும். கீழே வரும் சமையல் குறிப்புகளில் அந்த நேரத்தையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

காப்பகத்தில் பூனையைத் தேர்ந்தெடுக்கும்போது எதைப் பார்ப்பது?

கூண்டுக்கு வெளியே நின்று பார்த்தால் எல்லாப் பூனையும் ஒன்றுபோலத்தான் தெரியும். அனுமதி கேட்டு உள்ளே போய் அரை மணி நேரம் தரையில் உட்காருங்கள். ஓடிவந்து மடியில் ஏறுவதுதான் நல்ல பூனை என்று நினைக்க வேண்டாம். மூலையில் இருந்தபடி உங்களையே பார்த்து, கண்ணை மெல்ல மூடித் திறக்கும் பூனை, வீட்டுக்கு வந்து பத்து நாளில் உங்கள் காலடியிலேயே கிடக்கும்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் உண்ணியோ குடற்புழுவோ ரத்தத்தைக் குடித்திருக்கலாம். காதுக்குள் காப்பித்தூள் போலக் கறுப்பாக இருந்தால் காதுப்பூச்சி. வட்ட வட்டமாக முடி கொட்டியிருந்தால் படர்தாமரை. நம் மழைக்காலத்தில் அது சீக்கிரம் பரவும், குழந்தைகளின் தோலுக்கும் தொற்றும். இவை மூன்றுமே மருந்தில் தீரும். இவற்றுக்காக ஒரு பூனையை ஒதுக்கிவிட வேண்டாம், ஆனால் தெரிந்துகொண்டு கொண்டுவாருங்கள்.

பகலில் ஆள் இல்லாத வீடு என்றால், ஒன்று முதல் மூன்று வயதுக்குள், கருத்தடை முடிந்த பூனையை எடுப்பது நல்லது. குட்டிதான் வேண்டும் என்றால் 8 வாரம் நிறைந்திருக்க வேண்டும். முடிந்தால் கூடப்பிறந்த இரண்டையும் சேர்த்து எடுங்கள், ஒன்றுக்கொன்று கடித்து விளையாடி வளரும். தடுப்பூசிப் புத்தகம், கடைசியாகப் புழுமருந்து கொடுத்த தேதி, கருத்தடை ஆனதா என்ற விவரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். இப்போது என்ன தீவனம் தின்கிறது என்று கேட்டு, அதிலேயே ஒரு வாரத்துக்கு வாங்கிவிடுங்கள். புது வீடும் புதுச் சாப்பாடும் ஒரே நாளில் வந்தால் வயிற்றால் போகும்.

எப்படிக் கொண்டுவருவது?

மேலே திறக்கும் கெட்டியான பிளாஸ்டிக் கூண்டில். சாக்கில் கட்டிக் கொண்டுவரக் கூடாது. அட்டைப்பெட்டி மழையில் நனைந்தால் அடி பிய்ந்துவிடும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். வளர்ந்த பூனை என்றால் புறப்படுவதற்கு நாலு மணி நேரத்துக்கு முன்பே தீவனத்தை நிறுத்திவிடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வழியெல்லாம் வாந்தி எடுக்கும். கூண்டின் மேல் ஒரு துவர்த்து (துண்டு) போட்டு மூடினால் இருட்டில் அடங்கிக் கிடக்கும். வாய் திறந்து இளைத்தால் துவர்த்தை எடுத்துவிட்டுக் காற்று படச் செய்யுங்கள்.

முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

ஒரே ஒரு அறையைக் கொடுங்கள். ஒரு மூலையில் மலத்தட்டு, எதிர் மூலையில் தண்ணீரும் தீவனமும், நடுவில் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி. சாப்பாட்டையும் மலத்தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டில் ஒன்றைப் பூனை தொடாது. முதல் இரண்டு நாள் பெட்டிக்குள்ளேயே இருந்தால் இழுத்து எடுக்காதீர்கள். பக்கத்துவீட்டுப் பிள்ளைகளை அழைத்துவந்து காட்டுவதை இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

சாப்பாட்டை மட்டும் கவனமாகப் பார்க்க வேண்டும். வளர்ந்த பூனை இரண்டு நாள் முழுப்பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ப் படிந்து ஈரல் கெட்டுப்போகும். குண்டான பூனைக்கு இந்த ஆபத்து அதிகம். 24 மணி நேரம் ஒன்றும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் பேசுங்கள். குட்டி என்றால் அரை நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மீன் வேகவைத்த வெறும் தண்ணீரை இளஞ்சூட்டில் தீவனத்தின் மேல் இரண்டு கரண்டி ஊற்றிப் பாருங்கள். வாசனைக்கே பல பூனைகள் வாய் வைத்துவிடும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால் 14 நாள் இரண்டையும் பிரித்து வையுங்கள். இதன் படுக்கைத் துணியை அதனிடமும், அதன் துணியை இதனிடமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் மணம் பழகிவிட வேண்டும்.

வெளியே விடுகிற வழக்கம் இருந்தாலும் மூன்று நான்கு வாரத்துக்கு விடக் கூடாது. இதுதான் தன் வீடு என்று அதற்குப் பதிய அவ்வளவு நாள் ஆகும்.

மலத்தட்டுக்குக் கடற்கரை மணல் போதாதா?

வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்து எப்போதும் நசநசத்துக் கிடக்கும், நாற்றத்தையும் அடக்காது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் மோனசைட் இருக்கிறது. தோரியம் எடுக்கிற தாது அது. வீட்டுக்குள் அள்ளி வருகிற பொருள் இல்லை.

தேங்காய் நார்ச்சோறு (நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்) இங்கே சுலபமாகக் கிடைக்கும். வெயிலில் இரண்டு நாள் நன்றாகக் காயவைத்துச் சலித்து, தட்டில் நாலு விரல் உயரம் போடுங்கள். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், நாற்றத்தையும் அடக்கும். காலில் ஒட்டிக்கொண்டு வருவது ஒன்றுதான் குறை, தட்டின் முன் ஒரு கயிற்று மிதியடி போட்டால் சரியாகும். மர அறுப்பு மில்லிலிருந்து தூள் எடுப்பதானால், பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரமா என்று கேளுங்கள். அந்தத் தூள் ஆகாது. மலத்தைத் தினமும் அள்ளுங்கள், வாரம் ஒருமுறை தட்டை சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள்.

பூனைக்குத் தினமும் மீன் கொடுத்தால் போதாதா?

போதாது. 4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 230 கலோரி வரை வேண்டும். நல்ல உலர்தீவனத்தில் அது 55 முதல் 60 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் வீட்டு மீனுக்கு விடலாம்: ஒரு சின்னச் சாளையின் (மத்தி) சதை, 12 முதல் 15 கிராம். மீன் கொடுக்கிற அன்று அதற்கேற்பத் தீவனத்தைக் குறையுங்கள்.

பூனைக்கு டாரின் என்ற சத்து சாப்பாட்டிலிருந்தே வந்தாக வேண்டும், அதன் உடம்பு போதிய அளவு செய்துகொள்ளாது. டாரின் குறைந்தால் இதயத் தசை தளர்ந்து வீங்குகிறது என்பதையும், டாரின் கொடுத்தால் அது திரும்பச் சரியாகிறது என்பதையும் 1987இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதற்குப் பிறகு தீவனங்களில் டாரின் அளவைக் கூட்டினார்கள். மீன் வேகும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். அதனால்தான் வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் சதையோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறோம்.

எண்ணெய்ச் சத்துள்ள சாளை, சூரை இரண்டையும் மட்டுமே மாதக்கணக்கில் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அழற்சி கண்டு கட்டிபடும். தொட்டாலே பூனை வலியில் கத்தும்.

பச்சை மீன் கொடுப்பதும் தவறு. நெத்தோலி போன்ற சில மீன்களில் தயமின் என்ற வைட்டமினை அழிக்கும் நொதி இருக்கிறது. தொடர்ந்து பச்சையாகத் தின்னும் பூனை கழுத்தைக் கீழே தொங்கப்போட்டுத் தள்ளாடும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும்.

சாளை மீன்குழம்பு வைக்கும் அன்று பூனைக்கு எப்படி எடுப்பது?

குழம்பின் அளவையே முழுதாகச் சொல்லிவிடுகிறோம், பூனையின் நேரம் அதற்குள்ளேயே வரும்.

அரைக் கிலோ சாளை. நடுத்தரமானது என்றால் 12 முதல் 15 நிற்கும். செதில், செவுள், குடல் நீக்கி வெறும் தண்ணீரில் அலசுங்கள். பூனையின் பங்கு இங்கே. கல்லுப்புப் போட்டு உரசும் முன் இரண்டு மீனை எடுத்து, அரை டம்ளர் வெறும் தண்ணீரில் 7 நிமிடம் வேகவிடுங்கள். ஆறியதும் நடுமுள்ளைத் தலையிலிருந்து வால் வரை உருவி, விலா முள்ளை விரலால் தடவித் தடவி எடுங்கள். ஒன்று இன்றைக்கு, மற்றது மூடி போட்டு ஃபிரிட்ஜில் நாளைக்கு.

மீதி மீனைக் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி வையுங்கள். துருவிய தேங்காய் ஒரு கப் (ஏறக்குறைய 100 கிராம்), மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, நல்லமிளகு 10, சின்ன உள்ளி 5, கொஞ்சம் கறிவேப்பிலை: எல்லாவற்றையும் சந்தனம்போல் அரைக்க வேண்டும். திப்பி இருந்தால் குழம்பு தண்ணீர் வேறு மசால் வேறாகப் பிரிந்து நிற்கும். புளி 20 கிராம், சின்ன எலுமிச்சை அளவு, 300 மில்லி தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள்.

மண்சட்டியில் அரைப்பு, புளித்தண்ணீர், ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு, நறுக்கிய முருங்கைக்காய் ஒன்று, கீறிய பச்சைமிளகாய் 2 போட்டு நடுத்தீயில் வையுங்கள். கொதி வந்தபின் 10 நிமிடம். பச்சை வாடை போகும் முன் மீனைப் போட்டால் அந்த வாடை மீனில் ஏறிவிடும், பிறகு எவ்வளவு கொதித்தாலும் போகாது. மீனைப் போட்டபின் கரண்டியை உள்ளே விடாதீர்கள்; சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் போதும். 7 நிமிடத்தில் அடுப்பை அணையுங்கள், மண்சட்டிச் சூட்டிலேயே மேலும் சில நிமிடம் கொதிக்கும். தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் கடுகு, கால் தேக்கரண்டி வெந்தயம், நறுக்கிய உள்ளி 3, கறிவேப்பிலை தாளித்து ஊற்றுங்கள். வெந்தயம் பொன்னிறத்தைத் தாண்டினால் முழுச் சட்டியும் கசக்கும். அரை மணி நேரம் மூடிவைத்தபின் பரிமாறினால் புளியும் தேங்காயும் மீனில் இறங்கியிருக்கும்.

குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுக்கலாமே?

கூடாது. உள்ளியின் சாறு குழம்பு முழுதும் கரைந்து மீனுக்குள்ளும் போயிருக்கும், கழுவினால் போகாது. சின்ன உள்ளி, பல்லாரி, வெள்ளைப்பூண்டு எதுவானாலும் அதிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. பூனையின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே ரத்தத்தில் மாற்றம் காட்டப் போதும். 4 கிலோ பூனைக்கு அது 20 கிராம், மூன்று நான்கு சின்ன உள்ளி. வெந்தாலும் காய்ந்தாலும் பொடியானாலும் நஞ்சு அப்படியே இருக்கும். பூண்டு அதைவிடக் கடுமை. தின்ற அன்றே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து ஈறு வெளிறும், மூத்திரம் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் போகும், பூனை சுருண்டு படுத்துக்கொள்ளும். தின்றது தெரிந்த உடனேயே மருத்துவரிடம் போனால் காப்பாற்றுவது சுலபம்.

அப்படியானால் உள்ளித் தீயல் வைக்கிற வீட்டில் பூனை வளர்க்கலாமா?

தாராளமாக. தீயலில் பூனைக்குப் பங்கு கிடையாது, அவ்வளவுதான். உரித்த உள்ளியையும் தோலையும் தரையில் விட்டுவைக்காமல் மூடியுள்ள வாளியில் போடுங்கள்.

சின்ன உள்ளி 250 கிராம். தேங்காய்த் துருவல் ஒரு கப், வத்தல் மிளகாய் 6, மல்லி 2 மேசைக்கரண்டி, நல்லமிளகு அரைத் தேக்கரண்டி, உள்ளி 3. இவற்றைக் கனமான சட்டியில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டுச் சிறுதீயில் 12 முதல் 15 நிமிடம் வறுக்க வேண்டும். தீயலின் உயிர் இந்த வறுப்பில்தான். தேங்காய் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரவேண்டும். செம்பட்டையில் இறக்கினால் சாதாரணக் குழம்பாகிவிடும், கறுத்தால் கசப்பு. நிறம் மாறத் தொடங்கியதும் அடுப்பை விட்டு நகராதீர்கள், கடைசி ஒரு நிமிடத்தில்தான் கரிகிறது. இறக்கியதும் வேறு தட்டில் கொட்டிவிடுங்கள், சட்டிச் சூடே கரித்துவிடும். ஆறியபின் தண்ணீர் விடாமல் அரைத்தால் தேங்காயிலிருந்து எண்ணெய் பிரிந்து விழுதாக வரும். 250 கிராம் உள்ளியையும் எண்ணெயில் கண்ணாடிபோல் வதக்கி, 25 கிராம் புளியை 400 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்றி, உப்பும் விழுதும் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை 15 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

நெத்தோலி அவியலில் பூனைக்கு ஏதாவது உண்டா?

உண்டு. 300 கிராம் நெத்தோலியைத் தலை கிள்ளி அலசியதும் நாலைந்தை எடுத்து, இட்லித் தட்டில் 5 நிமிடம் ஆவியில் வைத்தால் பூனைக்கு ஆயிற்று. முள் மென்மைதான் என்றாலும் கையால் பிசைந்தே கொடுங்கள்.

நமக்கு: தேங்காய் முக்கால் கப், மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி, மஞ்சள் கால், சீரகம் அரை, உள்ளி 4, பூண்டு ஒரு பல். இங்கே சந்தனமாக அரைக்கக் கூடாது, ஒன்றிரண்டாகச் சதைத்தால் போதும். புளிப்பான மாங்காய் பாதியைக் கீறிப்போட்டு, 100 மில்லி தண்ணீர், உப்பு, சதைத்த தேங்காய், மீன் எல்லாம் கையாலேயே பிசறி, மூடிச் சிறுதீயில் 7 நிமிடம், திறந்து 3 நிமிடம். மேலே ஒரு மேசைக்கரண்டி பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். மீன் தண்ணீர் விடும் என்பதை மறந்து அதிகம் ஊற்றினால் அவியல் குழம்பாகிவிடும்.

மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி)?

நமக்குத் தொட்டுக்கொள்ள இதைவிட நல்ல துணை மீன்குழம்புக்கு இல்லை. திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மன்னர் காலத்தில் (1880–1885) பரவிய கிழங்கு இது. பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. துண்டாக்கி, மூழ்க நிறையத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசப்புக் கிழங்கு என்றால் பாதி வேகும்போதே ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். பூனைக்கு இதில் ஒன்றும் தேவையில்லை. பச்சைத் தோலையும் துண்டையும் எந்த மிருகத்துக்கும் எட்டாமல் போடுங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது?

விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இரண்டு கடலும் சேர்கிற மாவட்டம் என்பதால் சின்னமுட்டத்துக்கு முதல் தடை, குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் இரண்டாவது. வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளையும் நெத்தோலியும் கடல் அனுமதிக்கிற அளவுக்கு வரும். வெளியூர் ஐஸ் மீனை வாங்கும்போது அயிலை, சூரை, சாளை மூன்றையும் கண்ணையும் செவுளையும் பார்த்து வாங்குங்கள். ஐஸ் இல்லாமல் கிடந்த இவ்வகை மீன்களில் ஹிஸ்டமின் கூடிவிடும், சமைத்தாலும் போகாது. தின்றவருக்கு முகம் சிவந்து உடம்பு தடிக்கும். நமக்கு ஆகாத மீன் பூனைக்கும் ஆகாது. பூனைக்குத் தீவனம்தான் அடிப்படை என்று பழக்கிவிட்டால் இரண்டு மாதமும் கவலையில்லாமல் போகும். முள் இல்லாத கோழி நெஞ்சுக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து அதே 15 கிராம் கொடுக்கலாம்.

கரைவலையில் வரும் பேத்தை மீனைக் கரையில் வீசிவிடுவார்கள். அதன் நஞ்சு வேகவைத்தாலும் சாகாது. கடற்கரையோர வீடுகளில் பூனையை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கருவாடு, பால், தேங்காய்?

கருவாட்டு உப்பு ஊறவைத்துக் கழுவினாலும் முழுதும் இறங்காது, கொடுக்க வேண்டாம். மொட்டைமாடியில் காயப்போடும்போது வலையால் மூடுங்கள். பாலை வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குச் செரிக்காது, வயிற்றால் போகும். தேங்காய்த் துருவலை ஒரு வாய் நக்கினால் பயமில்லை, தேங்காய்ப்பால் மட்டும் கொழுப்பு மிகுதியால் பேதியாகும். தண்ணீரை இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

வீட்டில் வேறென்ன ஆபத்து?

கல்குளம், விளவங்கோடு பக்கத்து வீடுகளில் ரப்பர் ஷீட் அடிக்கப் பார்மிக் ஆசிட் இருக்கும். பாத்திரத்தில் ஊற்றிவைத்த ரப்பர் பாலைப் பூனை பசும்பால் என்று நினைத்து வாய் வைக்கும். ஆசிட் சிந்திய தரையில் நடந்தால் பாதம் வெந்துவிடும். ஷீட் அடிக்கும் கொட்டகைக்குக் கதவு போடுங்கள். ஆசிட் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். நக்கவிடாதீர்கள்.

தரை துடைக்கும் பினாயிலும் தண்ணீரில் வெள்ளையாகக் கலங்கும் கிருமிநாசினியும் பூனைக்கு நஞ்சு. அதன் ஈரல் அந்த வேதிப்பொருளை முறிக்காது. நடந்து, பாதத்தை நக்கியே உள்ளே போகும். சோப்புத் தண்ணீர் போதும். முன்பு ஒரு பூனை வைரஸ் பேதியில் செத்த வீடு என்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி ப்ளீச் கலந்து துடைத்து, 10 நிமிடம் ஊறவிட்டு, கழுவிக் காயவைத்த பிறகே புதுப் பூனையை விடுங்கள். அந்தக் கிருமி ஓராண்டு வரைகூடத் தரையில் உயிரோடு இருக்கும்.

காய்ச்சலுக்கு வைத்திருக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லும். நாய்க்கு உண்ணிக்காகக் கழுத்தில் விடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே. தோவாளைச் சந்தையிலிருந்து வரும் அரளிப் பூவும், பூங்கொத்துகளில் வைக்கும் லில்லியும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். லில்லியின் மகரந்தம் மேலே பட்டு நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பூத்தொடுக்கும் வாழைநாரையும் நூலையும் பூனை விழுங்கினால் குடல் சுருங்கி மடிந்துவிடும். வாயிலோ பின்புறத்திலோ நுனி தெரிந்தால் இழுக்காதீர்கள், குடல் அறுந்துவிடும். கிறிஸ்துமஸ் குடிலில் தொங்கும் மினுமினுப்புச் சரமும் இதே கணக்கில் வரும். உலர்திராட்சை போட்ட கேக்கும் வேண்டாம். முந்திரிக்கொத்தில் உள்ளியும் திராட்சையும் இல்லை என்றாலும் எண்ணெயும் கருப்பட்டியும் அதற்குத் தேவையில்லாதவை.

கிணற்றுக்கு வலை போடுங்கள்.

தடுப்பூசியும் கருத்தடையும் எப்போது?

முத்தடுப்பு ஊசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. வெறிநோய் ஊசி 12 வாரத்துக்கு மேல். பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் ஆண்டுதோறும். நாலைந்து மாதத்திலேயே பெண் பூனை பருவத்துக்கு வந்துவிடலாம்; சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான். அதனால் கருத்தடையை ஐந்தாம் மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. கடுவன் பூனை மலத்தட்டில் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டு மூத்திரம்கூட வரவில்லை என்றால் அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துப் பார்க்காதீர்கள், மூத்திரக்குழாய் அடைத்திருக்கும். ஒரு நாள் தாமதித்தால் உயிர் போகும்.

கீறினால், கடித்தால்?

சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளும் காப்பித்தூளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் வெறிநோய்த் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆம் நாட்களில் வரும். ரத்தம் வந்த காயம் என்றால் அதோடு எதிர்ப்புப் புரத (இம்யூனோகுளோபுலின்) ஊசியும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாவட்டத்துக்குப் பெரியது. பூனையை 10 நாள் கண்காணிப்பில் வையுங்கள், ஆனால் அதற்காக நம் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனை ஆகுமா?

ஆகும். பூனை மலத்தில் வரும் ஒட்டுண்ணி முட்டை தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். தினமும் வேறொருவர் அள்ளிவிட்டால் அந்த வழி அடைபடும். தோட்ட மண்ணைத் தொடும்போது கையுறை போடுங்கள், இறைச்சியை நன்றாக வேகவைத்துத் தின்னுங்கள்.

பாட்டியின் கைப்பக்குவத்தை எப்படி எழுதிவைப்பது?

"ஒரு பிடி", "நெல்லிக்காய் அளவு" என்று சொல்பவரிடம் கிராம் கேட்டால் கை நின்றுவிடும். கேட்க வேண்டாம். மல்லி, புளி, உப்பு ஒவ்வொன்றையும் டப்பாவோடு தராசில் நிறுத்து எழுதிவிட்டு, அவர் போக்கில் சமைக்க விடுங்கள். முடிந்தபின் மறுபடி நிறுத்தால் குறைந்ததுதான் அளவு. தேங்காயை மட்டும் துருவியபின் நிறுங்கள். அடுப்பில் ஏற்றியதும் கொதி வந்ததும் இறக்கியதும் மணி பார்த்து எழுதுங்கள். "பச்சை வாடை போனது", "எண்ணெய் தெளிந்தது" என்ற அவருடைய சொற்களை அப்படியே வையுங்கள், மணியைவிட அவைதான் சரியாகக் காட்டும். ஒவ்வொரு குறிப்பின் அடியிலும் "பூச்சைக்கு" என்று ஒரு வரி விடுங்கள்: எந்த நேரத்தில் எடுப்பது, எவ்வளவு, அல்லது இல்லை. வீட்டுக்கு வந்து அடுப்பில் நிற்கும் யாரும் அதைப் பார்த்தே நடந்துகொள்வார்கள்.

ஒத்துவரவில்லை என்றால் வடசேரி சந்தையிலோ படகுத்துறையிலோ விட்டுவிடலாமா? அங்கே மீன் கிடைக்குமே?

விடாதீர்கள். தட்டில் தீவனம் தின்று வளர்ந்த பூனைக்கு அங்குள்ள பூனைகளோடு சண்டையிட்டுப் பிடுங்கத் தெரியாது. சில நாளில் பட்டினியிலும் காயத்திலும் போய்விடும். பசி தாகத்தில் தவிக்கும்படி ஒரு மிருகத்தைக் கைவிடுவது மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960இன் 11ஆம் பிரிவின்படி குற்றம். எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள்; எடுக்கும்போதே இதைப் பேசிவையுங்கள். பெரும்பாலும் திருப்பிக் கொடுக்கக் காரணமாகச் சொல்வது மலத்தட்டுக்கு வெளியே போவதும் ராத்திரி கத்துவதும்தான். முதலாவதற்குத் தட்டை இடம் மாற்றி, மூத்திரப் பரிசோதனை செய்தால் பல நேரம் சரியாகும். இரண்டாவதற்கு மாலையில் 15 நிமிடம் விளையாட்டு, படுக்கும் முன் கடைசித் தீவனம்.

ராத்திரி மீன்சட்டியை எங்கே வைப்பது?

மறுநாள் பழங்கஞ்சிக்கு மீன்குழம்பை எடுத்துவைப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. பூனைக்கு எட்டாமல் இருக்கத்தான் அந்தக் காலத்தில் உத்தரத்தில் உறி கட்டித் தொங்கவிட்டார்கள். இன்றும் கயிற்று உறி நல்ல வழிதான், ஆனால் அலமாரி, ஜன்னல் திட்டு, ஃபிரிட்ஜ் தலை எதிலிருந்தும் ஐந்தடிக்குள் இருக்கக் கூடாது. பூனை குறுக்கே தாவும் தூரத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம். உறி இல்லாத வீட்டில், குழம்பு ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுப்பிலேயே இருக்கட்டும் என்றால் மூடியின் மேல் அம்மிக்குழவியை வையுங்கள்; தட்டு மூடியை மூக்காலேயே தள்ளிவிடும்.